முதலில் அடையாள அட்டை, அப்புறம் டிக்கெட்

கேள்வி: நான் டாலஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போகலாம் என்று இருக்கிறோம். உள்நாட்டு விமானம்தானே, பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் எங்காவது தொலைந்துவிடும், ஆதார் கார்டு போதாதா என்று அப்பா கேட்கிறார். என் டெக்சாஸ் லைசென்ஸில் நட்சத்திரம் இருக்கிறது. மனைவி லைசென்ஸைப் புதுப்பித்து இரண்டு வாரம் ஆகிறது. கார்டு இன்னும் வரவில்லை, கையில் தற்காலிகக் காகிதம்தான். மகளுக்கு ஆறு வயது, இங்கே பிறந்தவள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. யார் எதைக் கொண்டு போக வேண்டும்?

பதில்: டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள், நல்லது. பயண ஏற்பாட்டுத் தொழிலில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை டிக்கெட் எடுத்து முடித்த பிறகு, அதுவும் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவில் வருபவை. அட்டையில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆகியிருக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் யார் எந்த அட்டையைக் காட்டப்போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த அட்டையை மேஜைமேல் வைத்து, அதில் இருக்கும் எழுத்தைப் பார்த்து டிக்கெட்டில் பெயரைப் போடுங்கள்.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். ஆதார் செல்லாது. பான் கார்டு, வாக்காளர் அட்டை, நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் எதுவும் செல்லாது. அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையை நடத்தும் டி.எஸ்.ஏ. எந்தெந்த அட்டைகளை ஏற்கும் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. வெளிநாட்டு அரசாங்கம் கொடுத்த ஆவணங்களில், கனடாவின் ஒன்றிரண்டு அட்டைகளைத் தவிர்த்தால், அந்தப் பட்டியலில் இருப்பது பாஸ்போர்ட் மட்டும்தான். சுற்றிப் பார்க்க வந்த இந்தியக் குடிமகனுக்கு அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் அடையாள அட்டை என்றால் அது இந்திய பாஸ்போர்ட்தான். நகல் கூடாது, போனில் எடுத்த படம் கூடாது, அசலே வேண்டும்.

அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே இருக்கும்போது பாஸ்போர்ட் தொலைந்தால் அதோடு விசாவும் போகிறது. பாஸ்போர்ட்டுக்கு இந்தியத் தூதரகத்தில் வழி உண்டு; அவசரமாக ஊர் திரும்ப ஒருவழிச் சான்றிதழும் தருவார்கள். அமெரிக்க விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு திரும்ப வாங்க முடியாது, வெளியே போய்த்தான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பெரியவர்கள் பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டி வைக்க நினைப்பது நியாயமே. ஆனால் அதற்குத் தீர்வு வீட்டில் விட்டுவிட்டுப் போவது இல்லை. விமான நிலையம் ஒரு பக்கம் இருக்கட்டும், 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று இந்த நாட்டுக் குடியேற்றச் சட்டமே சொல்கிறது. வருகையாளருக்கு அந்த ஆவணம் ஐ-94, அதாவது எப்போது நுழைந்தார், எதுவரை தங்கலாம் என்று சொல்லும் பதிவு. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்தால் இருவரின் ஐ-94-ஐயும் அச்செடுத்துக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் டி.எஸ்.ஏ.வுக்கு அதைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துவிடுங்கள்.

தொலையாமல் இருக்க நான் சொல்லும் ஏற்பாடு இது. அப்பாவின் பாஸ்போர்ட் அப்பாவிடமே இருக்கட்டும். ஜிப் வைத்த சின்னத் தோள்பை ஒன்று கொடுங்கள். எல்லார் பாஸ்போர்ட்டையும் ஒருவரே வைத்துக்கொண்டால், அந்த ஒருவர் கழிப்பறைக்குப் போனாலும் குடும்பம் அப்படியே நிற்க வேண்டியதுதான். அடையாளம் காட்டும் இடம் முதலில் வரும், பைகளைச் சோதனைக்கு நகரும் பெல்ட்டில் வைக்கும் இடம் அதற்கு அப்புறம். காட்டி முடித்தவுடன் பாஸ்போர்ட் பைக்குள் போக வேண்டும், ஜிப் மூட வேண்டும், அதன் பிறகே பெல்ட் பக்கம் நகர வேண்டும். பாஸ்போர்ட்டை சட்டைப் பையில் செருகுவது, தட்டில் தனியாகப் போடுவது, கோட்டுக்குள் வைத்து கோட்டைக் கழற்றுவது ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். பெரியவர்களிடமிருந்து பாஸ்போர்ட் நழுவுவது பெரும்பாலும் அந்தச் சில நிமிடப் பரபரப்பில்தான். புகைப்படப் பக்கம், விசாப் பக்கம் இரண்டையும் நகலெடுத்து வேறொரு பையில் வையுங்கள். நகலைக் காட்டி விமானம் ஏற முடியாது. ஆனால் அசல் தொலைந்தால் போலீஸிலும் தூதரகத்திலும் வேலை சீக்கிரம் நடக்கும்.

உங்கள் விஷயம் எளிது. நட்சத்திரம் போட்ட லைசென்ஸ் என்றால் அது ரியல் ஐடி, அதாவது மத்திய அரசு வகுத்த தரத்தில் மாநிலம் கொடுத்த அட்டை. டெக்சாஸில் கார்டின் மேல் வலது மூலையில், பொன்னிற வட்டத்துக்குள் நட்சத்திரம் இருக்கும். ரியல் ஐடி சட்டம் 2005-ல் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலை விசாரித்த ஆணையம், மாநிலங்கள் லைசென்ஸ் கொடுப்பதற்குப் பொதுவான தரம் வேண்டும் என்று சொன்னதன் விளைவு அது. தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2025 மே 7-ஆம் தேதிதான் விமான நிலையங்களில் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து நட்சத்திரமில்லாத சாதாரண லைசென்ஸை டி.எஸ்.ஏ. அடையாளமாக ஏற்பதில்லை. வாஷிங்டன், மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்கள் தரும் எல்லை தாண்டும் வகை லைசென்ஸில் நட்சத்திரம் இல்லாமல் கொடி மட்டும் இருந்தாலும் அதை ஏற்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

எச்-1பி-யில் இருப்பவர்கள் சிலர் தம் கார்டில் ‘லிமிடெட் டெர்ம்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, இது ரியல் ஐடி இல்லையோ என்று குழம்புகிறார்கள். நீங்கள் தங்க அனுமதி உள்ள காலம் வரைக்கும்தான் கார்டு செல்லும் என்பதையே அது சொல்கிறது. நட்சத்திரமும் இருந்தால் அது முழு ரியல் ஐடி. ஆனாலும் நான் உங்களையும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன். லைசென்ஸ் உங்கள் குடியேற்ற நிலைக்குச் சான்று ஆகாது, அதைச் சொல்வது பாஸ்போர்ட்டும் ஐ-94-உம்தான். தவிர, பர்ஸ் காணாமல் போனால் ஊர் திரும்ப இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும். லைசென்ஸ் பர்ஸில், பாஸ்போர்ட் கைப்பையில். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

மனைவியின் காகிதம் செல்லாது. தற்காலிக லைசென்ஸை ஏற்பதில்லை என்று டி.எஸ்.ஏ. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எச்-1பி, எச்-4 (எச்-1பி-யில் இருப்பவரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கான விசா) குடும்பங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். தங்கும் அனுமதியோடு லைசென்ஸும் முடிந்துபோவதால் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நடுவில் சில வாரம் காகிதத்தோடு ஓட்ட வேண்டும். பழைய கார்டு இன்னும் அவரிடம் முழுசாக இருந்து, அதில் நட்சத்திரமும் இருந்தால், காலாவதியாகி இரண்டு வருஷம் வரைக்கும் அதை டி.எஸ்.ஏ. ஏற்கும். அலுவலகத்தில் மூலையை வெட்டியோ துளை போட்டோ கொடுத்திருந்தால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். எச்-4-க்கான வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிறாரா? இருந்தால் அதுவும் பட்டியலில் உண்டு. இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் என்றால் அவருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான் நேர்வழி. உங்கள் வீட்டுக்கு என் சிபாரிசு அதுவே. பெரியவர்கள் நான்கு பேரும் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். உங்கள் ரியல் ஐடி கூடுதல் பத்திரத்துக்கு இருக்கட்டும்.

மகளுக்கு எதுவும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் உள்நாட்டுப் பயணத்தில் டி.எஸ்.ஏ. அடையாளம் கேட்பதில்லை. சில நேரம் அதிகாரி குழந்தையிடமே பெயரைக் கேட்பார். வீட்டுச் செல்லப் பெயரைச் சொல்லாமல் டிக்கெட்டில் உள்ள பெயரைச் சொல்லச் சொல்லிவையுங்கள்.

இனி பெயர். தமிழ்க் குடும்பங்களுக்கு அட்டையை விடப் பெரிய தலைவலி இதுதான், அதனால் நின்று சொல்கிறேன்.

விமான நிறுவனம் உங்களிடம் முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் வாங்கி டி.எஸ்.ஏ.வுக்கு அனுப்புகிறது. கண்காணிப்புப் பட்டியலோடு அங்கே ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் போர்டிங் பாஸ் அச்சாகிறது. சோதனைச் சாவடியில் நீங்கள் நீட்டும் அட்டையை ஒரு இயந்திரத்தில் வைப்பார்கள். அது அட்டை உண்மையானதா என்று பார்த்து, அதே பெயரில் அன்றைக்குப் பயணம் இருக்கிறதா என்றும் தேடும். அதனால்தான் பல இடங்களில் போர்டிங் பாஸைக் கேட்பதுகூட இல்லை. தேடும் பெயர் அட்டையில் உள்ள பெயர். டிக்கெட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இயந்திரம் திணறும். அப்புறம் அதிகாரி கேள்வி கேட்பார், ஆங்கிலம் பழகாத அம்மா உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

நம் பெயர்களில் கோளாறு வரும் இடங்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது இனிஷியல். ஊரில் எஸ். ராமசாமி என்றே வாழ்ந்தவருக்கு பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அவர் தகப்பனார் பெயர் சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். டிக்கெட்டில் ‘ராமசாமி எஸ்’ என்று போடாதீர்கள். கிவன் நேம் என்ற இடத்தில் இருப்பது முதல் பெயர், சர்நேம் என்ற இடத்தில் இருப்பது கடைசிப் பெயர். அழைக்கும் பெயர் எது என்று யோசிக்கவே கூடாது. இரண்டாவது, உங்கள் மனைவிக்கு நடக்கக்கூடியது. நீங்கள் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் டிக்கெட் போடுவீர்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் உலாவி தானாகவே உங்கள் சர்நேமை நிரப்பிக்கொண்டே போகும். அவர் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் சர்நேமாக இருந்தால், டிக்கெட்டில் அது உங்கள் சர்நேமாக மாறியிருக்கும். ‘பதிவு செய்’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் திறந்து வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் லைசென்ஸில் இன்னொரு பெயருமாக இருந்தால், காட்டப்போகிற அட்டையின் பெயர்தான் டிக்கெட்டுக்கு.

கிவன் நேமில் இரண்டு மூன்று சொற்கள் இருந்தால் போர்டிங் பாஸில் இடைவெளி இல்லாமல் ஒன்றாக ஒட்டி அச்சாகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சகஜம்.

அம்மாவின் சர்நேம் காலி. உதாரணத்துக்கு அவர் பெயர் முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் கிவன் நேமில் முத்துலட்சுமி, சர்நேமில் ஒன்றுமில்லை. இப்போது அவருடைய அமெரிக்க விசாவைத் திருப்பிப் பாருங்கள். அதில் சர்நேம் முத்துலட்சுமி என்றும், கிவன் நேம் எஃப்.என்.யு. என்றும் இருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு இங்கே போடும் மூன்று எழுத்து அது. யாரோ தவறாக அடித்துவிட்டார்கள் என்று பலர் பதறுகிறார்கள். தவறு இல்லை. ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்கத் தூதரகங்கள் இப்படித்தான் எழுதுகின்றன. புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரிகள் இருக்கின்றனவே, இயந்திரம் வாசிப்பது அதைத்தான். ஒரே பெயர் என்றால் அதைக் கடைசிப் பெயருக்குரிய முதன்மை இடத்தில் போட வேண்டும் என்பதுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும். அதனால் டிக்கெட்டில் கடைசிப் பெயர் முத்துலட்சுமி, முதல் பெயர் எஃப்.என்.யு. என்று போடுவதையே நான் விரும்புவேன். விசாவும் ஐ-94-உம் அப்படி இருப்பதால் யார் கேட்டாலும் காட்டலாம். ஆனால் சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். எனவே பணம் கட்டுவதற்கு முன்னால் நிறுவனத்தோடு போனிலோ சாட்டிலோ ஒரு வார்த்தை கேட்டு, அவர்கள் சொன்னதை சேமித்து வையுங்கள். அதிகாரியிடம் அம்மா போகும்போது பாஸ்போர்ட்டில் விசாப் பக்கத்தில் ஒரு காகிதம் செருகியிருந்தால், தேடாமல் திறந்து காட்டலாம்.

அடுத்த தடவை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது சர்நேமை நிரப்பிவிடுவது பற்றிக் குடும்பத்தில் பேசுங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள வருகையாளர்களை ஏற்க மறுத்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது. ஆனாலும் துபாய் பக்கம் போக நினைக்கும் பெற்றோர்களுக்கு இது தலைவலி ஆகலாம்.

இவ்வளவு பார்த்தும் டிக்கெட்டில் பிழை விழுந்துவிட்டால் நேரத்தைக் கடத்தாதீர்கள். விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கி, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்ய வழி தர வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. (கட்டணம் வாங்காமல் இடத்தை 24 மணி நேரம் பிடித்து வைக்கும் வசதியைத் தரும் நிறுவனங்களுக்கு இது பொருந்தாது.) அன்றைக்கே சரிபார்த்து, தேவைப்பட்டால் ரத்து செய்து சரியான பெயரில் மறுபடி போடுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் நிறுவனத்தை அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு எழுத்து என்றால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். மூன்றாவது ஆள் இணையதளத்தில் மலிவாக எடுத்த டிக்கெட் என்றால், திருத்தும்போது நிறுவனம் அவர்களைக் கேள் என்னும், அவர்கள் நிறுவனத்தைக் கேள் என்பார்கள். பெயர்ச் சிக்கல் உள்ள குடும்பம் பத்து, இருபது டாலர் கூடுதலானாலும் நிறுவனத்திடமே வாங்குவது நல்லது.

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே பாஸ்போர்ட்டை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் ஆட்கள் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் தோல் உறை என்று போட்டு வைத்திருப்பார்கள். இயந்திரத்தில் வைக்க அது எல்லாம் கழற்றியாக வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்தே அதிகாரியின் மேஜைக்குப் போங்கள். அம்மாவையும் அப்பாவையும் முன்னால் விட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அதிகாரி உங்களைப் பார்த்துப் பேசுவார். பல இடங்களில் கேமரா ஒன்று முகத்தைப் படம் எடுத்து பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிடும். அது கட்டாயம் இல்லை. விருப்பமில்லை என்றால் சொல்லலாம், அதிகாரி கண்ணால் பார்த்து முடிப்பார். பெரியவர்கள் குல்லாய், கறுப்புக் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

ஏற்கத்தக்க அட்டை கையில் இல்லாமல் வந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டி வேறு வழியில் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கட்டினால் அது பத்து நாள் பயணத்துக்குச் செல்லும். ஆனால் பணம் கட்டினாலும் உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. இந்த நாட்டில் முகவரி, கடன் அட்டை என்று எந்தத் தடமும் இல்லாத பெற்றோரின் அடையாளத்தை எதை வைத்துச் சரிபார்ப்பார்கள்? அவர்களுக்கு இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதுவும் திரும்பி வரும் நாளை யோசியுங்கள். போகும்போது அட்டை இல்லையென்றால் வீடு பக்கத்தில் இருக்கும். ஆர்லாண்டோவில் அறையைக் காலி செய்துவிட்டு விமான நிலையம் வந்த பிறகு பாஸ்போர்ட் அறை லாக்கரில் இருப்பது நினைவுக்கு வந்தால் விமானமே போய்விடும். அதனால் ஆர்லாண்டோவில் தங்கும் நாட்களில் பாஸ்போர்ட்டுகளை லாக்கரில் வைத்தால், உங்கள் கார் சாவியையோ வேறு அவசியமான ஒன்றையோ அதோடு சேர்த்து வையுங்கள். அதை எடுக்காமல் கிளம்ப முடியாது.

கடைசியாக ஒன்று. ஆர்லாண்டோ போகிறவர்கள் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து பஹாமாஸ் கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். உங்களுக்கும் அந்த யோசனை வந்தால் நான் இதுவரை சொன்னது போதாது. கப்பல் நாட்டை விட்டு வெளியே போகிறது. திரும்பி வருவது அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவது. அங்கே ரியல் ஐடிக்கு வேலையே இல்லை. உங்கள் விசா முத்திரையின் தேதி முடிந்து, நீட்டிப்புக் கடிதத்தில் மட்டும் இருக்கிறீர்கள் என்றால், கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். அப்பா, அம்மாவின் விசா பலமுறை நுழையும் வகையா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.